மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியை ஒழுக்கும் வெடிப்பும் இன்றிப் பூட்டும் முறை

நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் மோட்டார் சைக்கிள் இன்று மண்வெட்டியைப் போல இன்றியமையாத பொருளாகிவிட்டது. விதைநெல்லும் பசளை மூடையும் தெளிகருவியும் அதன் மீதே வயலுக்குச் செல்கின்றன. விடியுமுன் பறித்த கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் அதன் மீதே சந்தைக்குச் செல்கின்றன. இந்நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டப்பட்டன. ஆதலால் கமக்காரரிடமுள்ள வண்டிகள் பலவற்றின் எஞ்சின் மூடிகள் பலமுறை கழற்றிப் பூட்டப்பட்டவையாக இருக்கின்றன.

இத்தகைய வண்டிகளில் மூடியோரத்தில் எண்ணெய் ஒழுகுவது பொதுவாகக் காணப்படும் குறையாகும். ஒழுக்கைக் கண்டவுடன் ஸ்பானரை எடுத்து, அகப்பட்ட போல்ட்டை முழுப் பலத்துடன் இறுக்குவதே பலரின் வழக்கம். இவ்வழக்கம் ஒழுக்கை நிறுத்துவது அரிது. சிறிய ஒழுக்கைப் பெரிய ஒழுக்காக்குவதும், நல்ல மூடியை வெடிக்கச் செய்வதும் பெரும்பாலும் இதுவே. மூடியைக் காப்பது பலம் அன்று. சுத்தமான முகமும், சரியான நீளமுள்ள போல்ட்டும், எல்லாப் போல்ட்டுகளிலும் சமமாக அமைந்த அளவான இறுக்கமுமே. இவற்றைப் பெறும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

மூடியின் பணி

எஞ்சினின் இரு பக்கங்களிலும் அலுமினிய வார்ப்பாலான மூடிகள் உள்ளன. பெரும்பாலான சிறிய வண்டிகளில் வலப்பக்க மூடியினுள் கிளச்சும், இடப்பக்க மூடியினுள் மின்சாரம் உண்டாக்கும் பகுதியும் அமைந்திருக்கும். மூடிக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே காஸ்கட் எனப்படும் மெல்லிய தாள் வைக்கப்படுகின்றது. இரு உலோக முகங்களும் எவ்வளவு செம்மையாகக் கடையப்பட்டிருப்பினும் அவற்றில் கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்கள் உண்டு. காஸ்கட் நசுங்கி அப்பள்ளங்களை நிரப்புவதனாலேயே எண்ணெய் உள்ளே நிற்கின்றது. போல்ட்டுகளின் வேலை காஸ்கட்டைச் சுற்றிலும் ஒரே அளவாக நசுக்கி வைத்திருப்பது மட்டுமே.

சிறிய வண்டிகளின் மூடிப் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் விட்டமுடையவை. இத்தகைய ஒரு போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்கியவுடன் அது மூடியை ஏறத்தாழ 800 கிலோகிராம் பாரத்துடன் அழுத்துகின்றது. இது பன்னிரண்டு நெல் மூடைகளின் பாரத்தை ஒத்தது. ஒரு மூடியில் பத்துப் போல்ட்டுகள் இருப்பின் மொத்த அழுத்தம் எத்துணைப் பெரிதென்பதை எளிதில் உணரலாம். ஆகவே உரிய அளவுக்கு மேல் சேர்க்கும் பலம் எதற்கும் பயன்படுவதில்லை.

இறுக்கம் மிகுந்தால் நேரும் தீங்குகள்

போல்ட் உருக்கினாலானது, அது சென்று பொருந்தும் புரி அலுமினியத்தில் வெட்டப்பட்டது. உருக்கு வன்மையானது, அலுமினியம் மென்மையானது. எனவே அளவுக்கு மிஞ்சிய விசையில் முதலிற் கெடுவது எஞ்சின் உடலிலுள்ள புரியே. போல்ட்டை மாற்றுதல் எளிது. எஞ்சின் உடலைப் பழுதுபார்த்தல் எளிதன்று.

புரி தாங்கிக்கொண்டாலும் மூடி தாங்குவதில்லை. ஓரிடத்தில் மட்டும் மிகுதியாக இறுக்கினால், அவ்விடத்தில் மூடி அமுங்கி, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மெல்ல வில்போல் வளைகின்றது. வளைந்த இடத்தில் காஸ்கட் அழுந்தாமையால் எண்ணெய் அவ்வழியே வருகின்றது. அதைக் கண்டு மீண்டும் இறுக்கினால் வளைவு மேலும் கூடும். ஈற்றில் போல்ட்டுத் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும்.

வெப்பத்தையும் கருத்திற் கொள்ளவேண்டும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் உருக்கைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடைகின்றது. எஞ்சின் சூடேறும்போது மூடி தடித்துப் போல்ட்டை இழுக்கும். ஆகவே இறுக்கம் தானாகவே கூடும். குளிர்ந்த நிலையில் அளவுக்கு மிஞ்சி இறுக்கப்பட்ட போல்ட், சூட்டில் இன்னும் மிகுந்த பாரத்தைத் தாங்கவேண்டியதாகின்றது. இதற்கு மாறாக, சூடாக இருக்கும்போது இறுக்கிய போல்ட் எஞ்சின் ஆறியதும் தளர்ந்துவிடும். ஆதலால் கைவைத்துத் தாங்கக்கூடிய அளவுக்கு எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே இறுக்குதல் வேண்டும்.

ஒழுக்கின் விளைவு எண்ணெய் வீணாவதோடு நிற்பதில்லை. ஒழுகிய எண்ணெய் பின்சில்லில் பட்டால் வண்டி வளைவில் வழுக்கும். பாரம் ஏற்றிய வண்டி வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் குறைந்து எஞ்சின் இறுகிப்போனால், அறுவடை நேரத்தில் வண்டியும் இல்லை, அதைத் திருத்தக் கைக்காசும் இல்லை என்னும் நிலை உண்டாகும்.

ஒழுகும் இடத்தை அறிதல்

கழற்றுமுன் எண்ணெய் எங்கிருந்து வருகின்றது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எண்ணெய் கீழே வழிந்து, காற்றினால் பின்னோக்கித் தள்ளப்படும். ஆகவே சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இரா. எஞ்சினைச் சிறிது மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, மூடியோரமெங்கும் முகப்பவுடரை மெல்லத் தூவுக. பின்னர் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால், எண்ணெய் முதலில் வரும் இடம் பவுடரில் கறுத்துத் தெரியும்.

சில வேளைகளில் குறை மூடியில் இராது. எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலோ, எஞ்சினின் மூச்சுக்குழாய் சேற்றினால் அடைபட்டிருந்தாலோ, உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் வெளியே தள்ளப்படும். வயற்சேற்றில் ஓடும் வண்டிகளில் இது எளிதில் நேரக்கூடியது. கிக்கர்த் தண்டும் கியர்த் தண்டும் வெளிவரும் இடங்களிலுள்ள இறப்பர் வளையம் தேய்ந்தாலும் எண்ணெய் வரும். இக்குறைகளைப் போல்ட் இறுக்கித் தீர்க்க முடியாது.

வேண்டிய பொருட்கள்

1. போல்ட்டுத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் வளைய ஸ்பானர் அல்லது குழாய் ஸ்பானர். வாய் திறந்த ஸ்பானர் தலையின் மூலைகளைத் தேய்த்துவிடும்.
2. அந்த வண்டிக்குரிய புதிய காஸ்கட்.
3. இறப்பர் அல்லது மரச் சுத்தியல்.
4. தடித்த அட்டை ஒன்று, சுத்தமான துணி, சிறிது பெற்றோல்.
5. காய்கறி நிறுக்கும் தொங்கு விற்றராசு.

மூடியைக் கழற்றுதல்

முதலில் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்தெடுக்க வேண்டும். பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கிணற்று நீரை எளிதில் அடையும்.

அடுத்து, அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, போல்ட் உள்ள இடந்தோறும் துளையிடுக. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய துளையிற் செருகி வைக்க வேண்டும். ஒரே மூடியில் நீண்டனவும் குறுகியனவுமான போல்ட்டுகள் கலந்திருக்கும். குறுகிய துளையில் நீண்ட போல்ட்டைச் செலுத்தினால் அது அடியில் முட்டும். முட்டியபின் இறுக்கும் விசை எஞ்சின் உடலையே பிளக்கும். நீண்ட துளையில் குறுகிய போல்ட்டைப் போட்டால் அது மூன்று நான்கு புரிகளை மட்டும் பற்றி, இறுக்கும்போது அவற்றை உரித்துக்கொண்டு வெளிவரும். 6 மில்லிமீற்றர்ப் போல்ட் அலுமினியத்தில் குறைந்தது 9 முதல் 12 மில்லிமீற்றர் வரை ஆழமாகப் பற்றியிருத்தல் வேண்டும். சில போல்ட்டுகளின் தலையின் கீழ்ச் செப்பு வளையம் இருக்கும். அவ்விடத்துத் துளை எண்ணெய் உள்ள பகுதியோடு தொடர்புடையது. ஆகவே அவ்வளையம் மீண்டும் அதே இடத்திற்கே வரவேண்டும்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் அரைச்சுற்று மாத்திரம் தளர்த்தி, பின்னர் முழுதாகக் கழற்றுக. மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியை இடுக்கிற் செருகி நெம்பலாகாது. நெம்பிய இடத்தில் உண்டாகும் கீறல் பின்னர் எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். மூடியின் தடித்த பகுதிகளில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது தானே விலகும். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடம் பொருந்துவதற்காக இரண்டு சிறு குழாயாணிகள் இருக்கும். அவை தொலையாமற் காக்கப்பட வேண்டும்.

முகங்களைச் சுத்தஞ் செய்தல்

பழைய காஸ்கட்டின் எச்சங்களை மரச்சீவலால் அல்லது வன்மையான பிளாத்திக்குத் துண்டால் சுரண்டியெடுக்க வேண்டும். கத்தியும் அரமும் அலுமினியத்தைக் கீறும். சுரண்டும்போது தூள்கள் எஞ்சினுள் விழாதவாறு உட்பக்கத்தைத் துணியால் மூடிக்கொள்வது நன்று. பின்னர் இரு முகங்களையும் பெற்றோல் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுக. இவ்வேளையில் அருகில் நெருப்போ புகைபிடித்தலோ ஆகாது. தட்டையான கண்ணாடித் துண்டின் மீது மூடியை வைத்து ஓரங்களை மெல்ல அழுத்திப் பார்த்தால், மூடி வளைந்திருப்பின் அது ஆடுவதிலிருந்து புலப்படும்.

போல்ட்டுத் துளைகளையும் கவனித்தல் அவசியம். அடி மூடப்பட்ட துளையில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியின்றி நெருக்குண்டு, துளையின் சுவரை வெடிக்கச் செய்யும். ஒரு துணித்திரியை உட்செலுத்தித் துளையை உலர்த்த வேண்டும். போல்ட்டின் புரியையும் துடைத்துச் சுத்தமாக்குக. புரியில் எண்ணெய் பூசுதலாகாது. கைநூல்களிற் குறிக்கப்பட்ட இறுக்க அளவுகள் பெரும்பாலும் உலர்ந்த புரிக்குரியவை. எண்ணெய் பூசிய புரியில் உராய்வு குறைவாதலால், அதே விசையில் போல்ட் மிகுதியாக இழுபட்டுவிடும்.

காஸ்கட்டின் மீது பசை பூசவேண்டுமென்று கைநூல் கூறினாலன்றிப் பூசவேண்டியதில்லை. பூசவேண்டின் மெல்லிய படையாகப் பூசுக. மிகுதியான பசை உட்புறம் பிதுங்கி, பின்னர் உதிர்ந்து, எண்ணெய் செல்லும் சிறு வழிகளையும் வடியையும் அடைத்துவிடும். ஒரு முறை நசுங்கிய பழைய காஸ்கட் இரண்டாம் முறை நன்கு அடைக்காது. சில ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணி அதையே மீண்டும் போடுவதும் மிகையான இறுக்கத்துக்கு ஒரு காரணமாகும்.

இறுக்கும் ஒழுங்கு

குழாயாணிகளை அவற்றின் இடங்களில் வைத்து, புதிய காஸ்கட்டை அவற்றின் மீது பொருத்தி, மூடியை நேராக வைத்துக் கையால் அழுத்துக. மூடி கையழுத்தத்தாலேயே காஸ்கட் வரை சென்று பொருந்த வேண்டும். இடைவெளி இருப்பின் உள்ளே ஏதோ பொருந்தவில்லை என்பது கருத்து. போல்ட்டினால் இழுத்து அவ்விடைவெளியை மூட முயன்றால் மூடி உடையும்; கழற்றி மறுபடியும் பார்த்தலே தகும்.

அதன்பின் எல்லாப் போல்ட்டுகளையும் அட்டையிலிருந்து எடுத்து உரிய துளைகளில் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். திருகுமுன் எல்லாத் தலைகளும் மூடிக்கு வெளியே ஏறத்தாழ ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் மிக நீண்டோ குறுகியோ தெரிந்தால் அது இடம் மாறியதாகும்.

பின்னர் போல்ட்டுகளை விரல்களால் மட்டும் திருகுக. விரலாற் சுழலாத போல்ட் புரியில் சரிந்து ஏறுகின்றது. அதை ஸ்பானரால் வற்புறுத்தலாகாது. வெளியே எடுத்து, சற்று இடப்பக்கம் சுழற்றி, புரி பொருந்தும் சிறு ஓசை அல்லது அசைவு தெரிந்தபின் வலப்பக்கம் சுழற்றுக.

எல்லாத் தலைகளும் மூடியைத் தொட்டபின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும். இறுக்குதலை மூன்று சுற்றாகச் செய்தல் நன்று. முதற் சுற்றில் மூடி படியும் அளவுக்கும், இரண்டாஞ் சுற்றில் உரிய விசையின் பாதிக்கும், மூன்றாஞ் சுற்றில் முழு அளவுக்கும் இறுக்குக. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு போல்ட்டை இறுக்கியபின் அடுத்ததை விட்டு எதிர்ப்பக்கத்திலுள்ளதை இறுக்கவேண்டும். வண்டிச் சில்லுக்குச் சுரை பூட்டுவோர் எதிரெதிராகப் பூட்டுவது போன்றதே இதுவும். இவ்வாறு செய்தால் மூடி எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும். காஸ்கட்டும் ஒரே அளவாக நசுங்கும்.

விசையை அளத்தல்

6 மில்லிமீற்றர் மூடிப் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீற்றர் வரையான இறுக்கம் விதிக்கப்படுகின்றது. குறிப்பிட்ட வண்டியின் கைநூல் வேறு அளவு கூறினால் அதுவே கொள்ளத்தக்கது. இதை அளந்து இறுக்கும் ஸ்பானர் உண்டாயினும் எல்லாரிடமும் அது இராது. காய்கறி நிறுக்கும் தொங்கு விற்றராசைக் கொண்டே இவ்வளவை அறியலாம்.

ஸ்பானரின் கைப்பிடியில், போல்ட்டின் நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தொலைவில் ஒரு கயிற்றைக் கட்டுக. கயிற்றில் தராசின் கொளுக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தான திசையில் மெல்ல இழுக்க வேண்டும். தராசு 10 கிலோகிராம் காட்டும்போது இறுக்கம் ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர் ஆகும். கயிறு 20 சென்ரிமீற்றர் தொலைவில் இருப்பின் 5 கிலோகிராம் காட்டும்போதே அதே இறுக்கம் உண்டாகும். சாய்வாக இழுத்தால் அளவு பிழைக்கும். வெட்டி இழுத்தாலும் பிழைக்கும்.

இவ்வாறு சில போல்ட்டுகளை இறுக்கியபின், அதே இறுக்கத்தைக் கையால் உணர்ந்து பழகிக்கொள்ளலாம். உரிய விசை எவ்வளவு சிறியது என்பதைக் கண்டு பலர் வியப்பர். 25 சென்ரிமீற்றர் நீளமான கைப்பிடியை 30 கிலோகிராம் விசையுடன் இழுப்பது வயல் வேலை செய்த கைக்குப் பெரிதன்று. ஆயினும் அவ்விசை 6 மில்லிமீற்றர்ப் போல்ட்டுக்குரிய அளவின் ஏழு மடங்காகும். இதனாலேயே நீண்ட கைப்பிடி இவ்வேலைக்கு ஆகாது. குறுகிய ஸ்பானரை அதன் தலைக்கு அண்மையிற் பிடித்து இறுக்குவதே பாதுகாப்பானது.

பூட்டிய பின் செய்ய வேண்டியவை

கைநூலிற் குறித்த அளவு எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மூடியோரத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஓட்டத்தின் பின், எஞ்சின் முழுதாக ஆறியதும், எல்லாப் போல்ட்டுகளையும் அதே விசையில் ஒரு முறை சரிபார்ப்பது நன்று. புதிய காஸ்கட் சிறிது படிவதுண்டு. அதன்பின்பும் ஒழுகினால் மேலும் இறுக்காது, மூடியைக் கழற்றி முகங்களையும் காஸ்கட்டையும் மீண்டும் ஆராய்க.

புரி கெட்டாலும் மூடி வெடித்தாலும்

போல்ட் இறுகாது சுற்றிக்கொண்டேயிருந்தால் புரி உரிந்துவிட்டதென்று அறிக. நூல் சுற்றிப் போடுவதும், பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவதும் துளையை முற்றாகக் கெடுக்கும். துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதுப்புரி வெட்டி, அதனுள் உருக்குச் சுருள் ஒன்றைப் பதித்து, பழைய அளவுப் போல்ட்டையே மீண்டும் போடும் முறையைக் கடைசல் வேலைத்தலங்களிற் செய்விக்கலாம். முறையாகப் பதித்த சுருள் முந்திய அலுமினியப் புரியிலும் உறுதியானது.

மூடியில் மயிரிழை வெடிப்பு இருப்பின், ஒட்டுப்பசை தற்காலிக உதவியே. அலுமினியத்தை ஒட்டவைக்கத் தேர்ந்த ஒருவரிடம் மூடியைக் கொடுத்து உருக்கி ஒட்டுவிக்கலாம். அன்றேல் மூடியை மாற்றலாம். வெடிப்பு எஞ்சின் உடலில் இருப்பின், கையாற் செய்யும் எவ்வேலையும் ஆகாது. தொழில் தெரிந்தவரிடமே செல்ல வேண்டும்.

நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதுவே முறை

கிணற்றடியில் நிற்கும் சிறிய பெற்றோல் எஞ்சின்களின் பக்க மூடிகளும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பே. அவற்றின் போல்ட்டுகள் சில வேளை 8 மில்லிமீற்றர் விட்டமுடையனவாதலால் இறுக்க அளவு மாறும், ஒழுங்கு மாறாது. சிலிண்டர்த் தலையின் போல்ட்டுகளை மட்டும் இங்கு கூறிய விசையில் இறுக்கலாகாது. அவற்றுக்கு வேறு அளவு உண்டு.

காலபோகமோ சிறுபோகமோ தொடங்குமுன், வேலை குறைந்த நாளொன்றில் ஒழுக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்வது சிறந்தது. அவசரத்திற் செய்யும் இறுக்கமே அளவை மீறுகின்றது. மூடியொன்றைக் கழற்றிச் சுத்தமாக்கிப் பூட்ட ஒரு முற்பகல் போதும். வெடித்த எஞ்சின் உடலைத் திருத்த, ஒரு போகத்தின் மிளகாய் வருமானம் போய்விடக்கூடும்.